நான்காவது டவுன், இரண்டு யார்டு: 2006 ரோஸ் பவுல், பிளே பிளேயாக

2006 ஜனவரி 4. பாசடேனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 93,986 பேர். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் முடிய 2 நிமிடம் 13 விநாடி பாக்கி. யூ.எஸ்.சி. எனப்படும் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 38, டெக்சாஸ் 33. பந்து யூ.எஸ்.சி.யிடம் இருக்கிறது, டெக்சாஸின் 45 யார்டு கோட்டில். நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். பன்ட் உதைத்து, அதாவது பந்தை நீளமாக உதைத்து எதிரணிக்கே கொடுத்து, அவர்களைத் தூரத்தில் தள்ளிவிடலாம். பயிற்சியாளர் பீட் கேரல் அதைச் செய்யவில்லை. பந்து லெண்டேல் வைட்டிடம் போனது, அவர் கூட்டத்துக்குள் முட்டி ஓடினார், ஒரு யார்டு கிடைத்தது. அவ்வளவுதான். பந்து டெக்சாஸ் கைக்கு மாறியது. கடைசி 19 விநாடி இருக்கும்போது வின்ஸ் யங் எல்லைக்கோட்டைத் தாண்டினார். முடிவு 41-38.

அன்றிலிருந்து இந்த ஒரு யார்டைப் பற்றிப் பேசாத ஃபுட்பால் ரசிகர் இல்லை. யூ.எஸ்.சி. அன்று எடுத்த மொத்த யார்டு 574, டெக்சாஸ் எடுத்தது 556. தோற்ற அணிதான் அதிக தூரம் நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் மொத்த யார்டு எதையோ மறைக்கிறது. ஒவ்வொரு பிளேயையும், அதாவது பந்து நகரத் தொடங்கி நிற்கும் வரையிலான ஒவ்வொரு முயற்சியையும், தனித்தனியாக எடுத்து, இது தேறியதா தேறவில்லையா என்று குறித்துக்கொண்டே போனால் என்ன தெரியும், எங்கே அந்தக் குறிப்பு தடுமாறும் என்பதை இந்த ஆட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ஆட்டத்தின் எல்லா பிளேக்களையும் இங்கே அடுக்கப் போவதில்லை. தீர்ப்பு சொல்வது சிக்கலாகும் பிளேக்கள் மட்டும் போதும்.

அளவுகோல் எப்படி வேலை செய்கிறது

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வரி: பத்து யார்டு நகர ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். பத்து யார்டு கடந்தால் மறுபடி முதல் டவுன், நான்கு வாய்ப்பு. கடக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. இதனால் நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். நிஜத்தில் கையில் இருப்பது மூன்று வாய்ப்புதான்.

ஆகவே ஐந்து யார்டு எடுத்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த டவுனில், எவ்வளவு வேண்டியிருந்தபோது என்று கேட்க வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல: ஐந்தாவது ஓவரில் எடுக்கும் ஒரு ரன்னும், கடைசிப் பந்தில் நான்கு வேண்டும்போது எடுக்கும் ஒரு ரன்னும் ஒன்றல்ல.

இதை எண்ணாக மாற்றியவர்கள் பாப் கேரல், பீட் பால்மர், ஜான் தோர்ன் ஆகிய மூவர். 1988இல் வந்த தங்கள் புத்தகத்தில் அவர்கள் சொன்ன வரம்பு: முதல் டவுனில் வேண்டிய தூரத்தில் 40 சதவீதம் கிடைத்தால் தேறியது, இரண்டாவதில் 60, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுதாக 100. அது தொழில்முறை ஆட்டத்தை மனதில் வைத்துச் சொன்னது. கல்லூரி ஆட்டத்துக்குப் புள்ளிவிவர எழுத்தாளர் பில் கானெலி போன்றவர்கள் 50, 70, 100 என்று வைத்துக்கொண்டார்கள். நான் இங்கே இரண்டாவதையே பிடித்துக்கொள்கிறேன்.

கணக்கு எளிது. முதல் டவுன், பத்து யார்டு: ஐந்து எடுத்தால் தேறியது, நான்கு என்றால் இல்லை. இரண்டாவது டவுன், ஏழு யார்டு: 4.9 வேண்டும், அதாவது ஐந்து. மூன்றாவது டவுன், இரண்டு யார்டு: இரண்டு எடுத்தால் போதும். மூன்றாவது டவுன், பன்னிரண்டு யார்டு: பதினொன்று எடுத்தாலும் தேறாது. கடைசியாகச் சொன்னது பலருக்கு உறுத்தும். பதினொரு யார்டு ஓடியவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்து வருவது பன்ட்.

நல்ல அணிகள்கூடப் பாதி பிளேக்களில் தேறுவது கடினம். தேறும் விகிதம் 40 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தால் அது சராசரி அணி. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் ஒரு விஷயம் புரியும்: ஒரு அணி தேறாத பிளேக்களை அடுக்கிக்கொண்டே போய் டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் ஆறு புள்ளி) போட முடியும்.

ஒரு கறார் விதியும் உண்டு. ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிட்டால், அதாவது ஒரு அணி எட்ட முடியாத முன்னிலைக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகான பிளேக்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தோற்கும் அணி பதறி வீசும், ஜெயிக்கும் அணி அசட்டையாக ஓடும். இரண்டும் பொய் எண்களைத் தரும். இந்த ஆட்டத்தில் அந்த வடிகட்டியே தேவைப்படவில்லை. பெரிய இடைவெளியே 12 புள்ளிதான், 38-26 என்று இருந்தபோது. முதல் நிமிடத்திலிருந்து கடைசி விநாடி வரை ஒவ்வொரு பிளேயும் உண்மையான பிளே. நிகழ்வு ஆய்வுக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடைப்பது அரிது.

இரண்டு அணிகள்

யூ.எஸ்.சி. அப்போது தொடர்ந்து 34 ஆட்டங்கள் ஜெயித்திருந்தது. குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) மேட் லைனார்ட் 2004இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர், ரெஜி புஷ் 2005இல் வாங்கியவர். இருவரும் ஒரே பக்கத்தில். புஷ்ஷுக்கு அடுத்த இடத்தில் வந்தவர்தான் டெக்சாஸின் வின்ஸ் யங். டெக்சாஸும் தொடர்ந்து 19 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. (2010இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதித்த தண்டனையில் யூ.எஸ்.சி.யின் 2005ஆம் ஆண்டு வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. பதிவேடு அவர்கள் இஷ்டம். களத்தில் நடந்த பிளேக்களை யாரும் அழிக்க முடியாது.)

அன்றைய தனிநபர் எண்கள்: லைனார்ட் வீசிய 40இல் 29 பாஸ் கைசேர்ந்தது, 365 யார்டு. யங் 40க்கு 30 பாஸ், 267 யார்டு, அதோடு 19 முறை ஓடி 200 யார்டு. வைட் 20 முறை ஓடி 124 யார்டு, 3 டச்டவுன். புஷ் 13 ஓட்டத்தில் 82.

யங்கின் 200 யார்டை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கல்லூரிப் புள்ளிவிவரத்தில் குவார்ட்டர்பேக் பந்து வீசும் முன் மடக்கப்பட்டால், அந்த நஷ்டம் அவருடைய ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். தொழில்முறை லீக்கில் அப்படி இல்லை, பாஸ் கணக்கில் போகும். இன்னொரு பக்கம், பாஸ் வீச என்று பின்வாங்கி, யாரும் காலியாக இல்லாததால் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால், அதுவும் ஓட்டம் என்றே பதிவாகும். யங்கின் ஆட்டமே இப்படிப்பட்ட ஓட்டங்களில்தான் இருந்தது. அதனால் பதிவேட்டை அப்படியே எடுத்து "டெக்சாஸின் ஓட்டத் தாக்குதல் நன்றாக இருந்தது, பாஸ் தாக்குதல் சுமார்" என்று யாராவது எழுதினால், பாஸ் அழைப்புகள் (பாஸ் வீசத் திட்டமிட்ட பிளேக்கள்) ஈட்டியதை ஓட்டத்தின் பையில் போட்டுவிட்டார் என்று பொருள். பிளே பிளேயாக மதிப்பிடும்போது நான் செய்யும் முதல் வேலை இதைத் திருப்பிப் போடுவது: மடக்கப்பட்டதும், மடக்க வந்தவரிடமிருந்து தப்பி ஓடியதும் பாஸ் அழைப்பின் கணக்குக்கே போக வேண்டும்.

கையை விட்டுப் போன பந்து

இரண்டாவது கால் பகுதி, யூ.எஸ்.சி. 7-0 முன்னிலை. லைனார்ட் ஒரு சின்ன பாஸைப் புஷ்ஷிடம் தள்ளிவிடுகிறார். புஷ் அதை வாங்கிக்கொண்டு வெளியே பாய்ந்து 35 யார்டுக்கு மேல் ஓடி, டெக்சாஸின் 20 யார்டு கோட்டை நெருங்குகிறார். பிடிபடப் போகும் நேரம். அப்போது, யாரும் கேட்காதபோது, பக்கத்தில் ஓடி வந்த சக வீரர் ஒருவருக்குப் பந்தைப் பின்னால் தூக்கிப் போடுகிறார். அவர் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து தரையில் உருள, டெக்சாஸின் மைக்கேல் ஹஃப் மேலே விழுந்து எடுத்துக்கொண்டார். அந்தத் திருப்பத்தில் டெக்சாஸ் 46 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடித்து முதல் புள்ளியை எடுத்தது.

இந்த பிளே தேறியதா? யார்டு வரம்பைக் கேட்டால் சந்தேகமே இல்லை, தேறியது. வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல். பந்து கைமாறியதை அந்த வரம்பு பார்ப்பதே இல்லை. சிலர் தனி விதி சேர்த்துக்கொள்கிறார்கள்: பந்தை இழந்தால் எத்தனை யார்டு எடுத்திருந்தாலும் தேறாதது.

இன்னொரு வழியும் உண்டு. களத்தின் ஒவ்வொரு இடத்துக்கும், அங்கே முதல் டவுனில் பந்து வைத்திருக்கும் அணி அடுத்து சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒரு மதிப்பு உண்டு. இதை முதலில் கணக்கிட்டு 1971இல் வெளியிட்டவர்களில் ஒருவர் வர்ஜில் கார்ட்டர். அவர் அப்போது சின்சினாட்டி அணியின் குவார்ட்டர்பேக். களத்தில் ஆடிக்கொண்டே ராபர்ட் மேக்கால் என்ற பேராசிரியரோடு சேர்ந்து இதைச் செய்தார். இந்த முறைப்படி ஒரு பிளேக்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்பின் வித்தியாசம்தான் அந்த பிளேயின் மதிப்பெண். எதிரணியின் 20 யார்டு கோட்டில் முதல் டவுன் என்றால் ஏறத்தாழ 4 புள்ளி கையில் இருப்பதற்குச் சமம். அந்த இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போனால் அந்த 4 புள்ளியும் காற்றில். ஆக இந்த அளவுகோலில் புஷ்ஷின் பிளே படுதோல்வி.

ஒரே பிளே, ஒரு அளவுகோலில் அன்றைய சிறந்த பிளேக்களில் ஒன்று, இன்னொன்றில் மோசமானவற்றில் ஒன்று. எது சரி என்று கேட்டால், கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது என்பேன். யூ.எஸ்.சி.யின் தாக்குதல் டெக்சாஸ் தடுப்பை உடைக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அது தேறிய பிளே. அந்த பாஸ் அழைப்பு அற்புதமாக வேலை செய்தது. மறுபடி அழைத்தால் மறுபடி வேலை செய்யும். பந்தைத் தூக்கிப் போட்டது அந்த அழைப்பின் பகுதியே இல்லை. அது ஒரு இருபது வயதுப் பையனுக்கு அந்த விநாடியில் தோன்றிய ஆசை. நான் இரண்டையும் இரண்டு வரியாக எழுதுவேன்: பிளே தேறியது, பந்து இழப்பு, தனி. ஒரே வரியில் அடைத்தால் அடுத்த ஆட்டத்தைப் பற்றி அது சொல்லும் செய்தி தப்பாகிவிடும்.

தரையில் பட்ட முழங்கால்

அதே கால் பகுதியில் டெக்சாஸ் பதில் சொன்னது. யங் பந்தோடு பத்து யார்டு அளவுக்கு ஓடி, மடக்கப்படும் கணத்தில் பக்கவாட்டில் செல்வின் யங்கிடம் தட்டிவிட்டார். அவர் மிச்சம் 12 யார்டு ஓடி டச்டவுன். படத்தில் பார்த்தால், தட்டிவிடும் முன்பே வின்ஸ் யங்கின் முழங்கால் தரையில் பட்டிருக்கிறது. கல்லூரி விதிப்படி அங்கேயே பிளே முடிந்தது. ஆனால் நடுவர்கள் மறுபார்வைக்குப் போகவில்லை, டச்டவுன் நின்றது. அதன் பின்னான கூடுதல் புள்ளி உதை தவறிப்போனது என்பது வேறு கதை.

முழங்கால் பட்டது என்று நடுவர்கள் சொல்லியிருந்தாலும், வழக்கமான பத்து யார்டு தேவைக்கு அது தேறிய பிளேதான். டச்டவுனாக இருந்தாலும் தேறிய பிளேதான். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே குறி. புள்ளிப் பலகையில் வித்தியாசம் ஆறு. யூ.எஸ்.சி. ரசிகர்கள் இந்த முழங்காலை இன்றும் விடவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டெக்சாஸ் அந்தக் கட்டத்தில் நகர்ந்துகொண்டிருந்ததா என்ற கேள்விக்கு முழங்கால் பதிலை மாற்றவில்லை. நடுவர் தவறால் ஒரு அணியின் மதிப்பீடு வீங்காமல் இருப்பது இந்த முறையின் பெரிய லாபம். கடைசியில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது புள்ளிப் பலகை என்பது அதன் நிரந்தரச் சங்கடம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, உதைகள் எதுவும் இந்தக் கணக்கில் வராது. யூ.எஸ்.சி.யின் முதல் டச்டவுனுக்கு வழிவிட்டதே டெக்சாஸ் வீரர் ஒருவர் பன்ட்டைப் பிடித்துத் தவறவிட்டதுதான். தவறிப்போன கூடுதல் புள்ளி, நான்காவது கால் பகுதியில் டெக்சாஸ் தவறவிட்ட 31 யார்டு ஃபீல்ட் கோல் எல்லாம் வெளியே. மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் இவ்வளவும் வெளியே நிற்பது சின்ன விஷயமல்ல.

ஒரு யார்டு

இப்போது அந்த நான்காவது டவுன்.

குறி போடுவது எளிது: வேண்டியது இரண்டு, கிடைத்தது ஒன்று, தேறவில்லை. எல்லா அளவுகோலும் ஒரே தீர்ப்புதான் சொல்லும். வம்பு அதற்கு மேல்தான் ஆரம்பம். இருபது வருடமாக இந்த பிளேயைப் பற்றி நடக்கும் சண்டையில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பன்ட் உதைக்காமல் ஆட முடிவெடுத்தது சரியா? ஆடுவது என்றான பின் வைட்டுக்குப் பந்து கொடுத்து நடுவில் ஓடவிட்ட தேர்வு சரியா? அந்த ஓட்டம் தேறியதா? பிளே மதிப்பீடு பதில் சொல்வது மூன்றாவதற்கு மட்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு முதல் இரண்டுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். ஐந்து புள்ளி பின்தங்கியிருந்த டெக்சாஸுக்கு ஃபீல்ட் கோல் உதவாது, டச்டவுன்தான் வேண்டும். பன்ட் டெக்சாஸின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்துவிட்டால் பந்து 20 யார்டு கோட்டில் வைக்கப்படும். அழகாக விழுந்தால் 10 யார்டுக்குள். நிஜத்தில் டெக்சாஸ் தொடங்கியது 44இல். ஆக ஆடித் தோற்றதால் யூ.எஸ்.சி. விட்டுக்கொடுத்தது 24 யார்டு, அல்லது 34க்கும் மேல். இரண்டு யார்டு எடுத்திருந்தால்? ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்; எண்கள் என் ஊகம், வாதத்துக்காக மட்டும். 44இலிருந்து டெக்சாஸ் டச்டவுன் போட 40 சதவீத வாய்ப்பு என்போம். பன்ட்டுக்குப் பிறகு தூரத்திலிருந்து என்றால் 25. யூ.எஸ்.சி. இரண்டு யார்டு எடுக்க 60 சதவீதம். ஆடினால் தோற்கும் வாய்ப்பு: எடுக்காமல் போகும் 40 சதவீதத்தில் 40 சதவீதம், அதாவது 16. பன்ட் உதைத்தால் 25. ஆடுவதே மேல். இந்த எண்களில் இரண்டு யார்டு எடுக்கும் வாய்ப்பு 38 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பன்ட் நியாயமாகும்.

ஆனால் பன்ட்டுக்குப் பிறகு டெக்சாஸின் வாய்ப்பு 25 இல்லை, 15தான் என்று ஒருவர் நம்பினால் கதை மாறும். அப்போது 62 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் ஆட வேண்டும். இருவருக்கும் உள்ள வித்தியாசம் கடைசியில் ஒரே கேள்விதான்: உன் தடுப்பு வின்ஸ் யங்கை நிறுத்தும் என்று நம்புகிறாயா? இதற்குச் சற்று முன்பு, 6 நிமிடம் 42 விநாடி இருக்கும்போது தொடங்கி, அவர் 69 யார்டைக் கடந்து 17 யார்டு ஓட்டத்தில் டச்டவுன் போட்டிருந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 39 விநாடி. அதைப் பக்கக்கோட்டில் நின்று பார்த்த பயிற்சியாளர் 15 என்று நம்பியிருக்க மாட்டார். நானும் நம்பவில்லை. ஆடியது சரி.

இரண்டாவது கேள்வி சுவாரசியமானது. வைட்டை ஆதரிப்பவர்கள் காட்டும் எண் சராசரி: அந்த பிளேக்கு முன்வரை 19 ஓட்டத்தில் 123 யார்டு, ஓட்டத்துக்கு ஆறரை யார்டு வருகிறது. ஆறரை எடுப்பவரிடம் இரண்டு கேட்பது பெரிய விஷயமா? இங்கேதான் சராசரி ஏமாற்றும். 1, 1, 1, 1, 26 என்று ஓடுபவரின் சராசரியும் ஆறு. 5, 6, 7, 6, 6 என்று ஓடுபவரின் சராசரியும் ஆறு. நான்காவது டவுனில் இரண்டு யார்டு வேண்டும்போது முதலாமவர் ஐந்தில் ஒரு தடவை தேறுவார், இரண்டாமவர் ஐந்திலும் தேறுவார். சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேறிய பிளேக்களை எண்ணினால்தான் தெரியும். வைட் கனமான ஆள், கூட்டத்துக்குள் விழுந்து முன்னே சாய்பவர், இரண்டாமவர் வகைக்குப் பக்கத்தில் இருப்பவர். அந்த விதத்தில் தேர்வு பைத்தியக்காரத்தனமல்ல.

புஷ் அந்த பிளேயில் களத்திலேயே இல்லை, பக்கக்கோட்டில் நின்றார் என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. புஷ்ஷிடம் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சும்மா ஒரு ஓரத்தில் நின்றிருந்தாலே டெக்சாஸின் ஒரு தடுப்பாளராவது அந்தப் பக்கம் கண் வைத்திருக்க வேண்டியிருக்கும். அவர் இல்லாதபோது எல்லோரும் நடுவைப் பார்த்தார்கள். இந்த வகைத் தாக்கம் எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரியாக வராது. பந்தைத் தொடாத ஆளின் பங்கை பிளே மதிப்பீடு அளக்க முடியாது.

அப்புறம், முதல் கால் பகுதியில் இதே அணி டெக்சாஸின் 17 யார்டு கோட்டில் நான்காவது டவுன், ஒரு யார்டில் ஆடித் தோற்றிருந்தது. அங்கே லைனார்ட் தானே முன்னால் தள்ளப் பார்த்தார், நிற்கவைத்துவிட்டார்கள். ஃபீல்ட் கோல் அடித்திருந்தால் மூன்று புள்ளி. தோற்றது மூன்று புள்ளியில். ஆகவே அதுதான் தோல்விக்குக் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. கூட்டல் கழித்தல் அப்படி நடக்காது. அந்த மூன்று புள்ளி இருந்திருந்தால் டெக்சாஸ் வேறு மாதிரி ஆடியிருக்கும்.

56 யார்டு

டெக்சாஸின் கடைசி நகர்வு 10 பிளே, 56 யார்டு, 1 நிமிடம் 50 விநாடி. அதன் ஒவ்வொரு பிளேக்கும் குறி போட்டால் குறைந்தது பாதி தேறாதவை. அமெரிக்காவில் பலரும் மறக்க முடியாத நகர்வு இது, பதிவேட்டில் பார்த்தால் தடுமாறித் தடுமாறி நகர்ந்த ஒன்று.

முதல் இரண்டு பிளேக்களில் மொத்தமாக இரண்டு யார்டு நஷ்டம். மூன்றாவது டவுன், பன்னிரண்டு. இங்கே யூ.எஸ்.சி. நிறுத்தியிருந்தால் அந்த நான்காவது டவுனைப் பற்றி இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். யங் குவான் காஸ்பிக்கு வீசினார், ஏழு யார்டு கிடைத்தது. ஐந்து குறைவு. ஆனால் அவரை மடக்கிய தடுப்பாளர் ஹெல்மெட்டின் முகக் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டார். 15 யார்டு தண்டனை. பந்து யூ.எஸ்.சி.யின் 36 யார்டு கோட்டுக்குப் போனது, முதல் டவுன்.

இந்த பிளேயின் குறி என்ன? பதிவில் பாஸுக்கு ஏழு யார்டு, தண்டனை தனி வரி. நிரல் எழுதி ஆட்டத்தை மதிப்பிடும் பலருடைய அட்டவணையில் இது "தேறவில்லை" என்று விழும். புள்ளி மதிப்பு முறையில் பிளே முடிந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள், ஆகவே பெரிய வெற்றி. நியாயம் எங்கே இருக்கிறது? பாஸ் அழைப்பு தேறவில்லை என்பது உண்மை, யூ.எஸ்.சி. தடுப்பு தன் வேலையைச் செய்து ஏழோடு நிறுத்தியது. பின்பு ஒரு கை முடித்த வேலையைக் கெடுத்தது. புஷ்ஷின் பிளேக்குப் போட்ட அதே விதி இங்கும்: பிளே தேறவில்லை, தண்டனை தனி வரி. அங்கே தேறிய பிளேயைத் தனி வரி ஒன்று கெடுத்தது, இங்கே தேறாத பிளேயைத் தனி வரி ஒன்று காப்பாற்றியது.

அதன் பின் பிரையன் கார்ட்டர் இரண்டு பாஸ் பிடித்துப் பந்து 13 யார்டு கோட்டுக்கு வந்தது. அங்கிருந்து மூன்று பிளேயில் ஐந்து யார்டு. நான்காவது டவுன், ஐந்து, பந்து 8 யார்டு கோட்டில், 26 விநாடி. கானெலி வகுத்த பிரிவில் மூன்றாவது, நான்காவது டவுனில் ஐந்து யார்டோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் அது பாஸ் டவுன். தடுப்பாளர்கள் பாஸை எதிர்பார்த்து நிற்பார்கள், தாக்கும் அணியின் தேறும் விகிதம் சரியும். டெக்சாஸ் அழைத்ததும் பாஸ்தான். யங் பின்வாங்கினார், பார்த்தார், யாரும் காலியாக இல்லை. வலப்பக்கம் திறந்து கிடந்தது. மூலைக் கம்பத்தை நோக்கி ஓடினார், தொட யாரும் அருகில் இல்லை. பதிவேட்டில்: யங் ஓட்டம், 8 யார்டு, டச்டவுன்.

யூ.எஸ்.சி. தடுப்பு அந்த பாஸை முழுதாக மூடியிருந்தது. வேறு எந்தக் குவார்ட்டர்பேக்காக இருந்தாலும் அது தேறாத பிளே, ஆட்டம் முடிந்தது. யங் இருக்கும்போது பாஸ் டவுன் என்ற பிரிவே பாதி அர்த்தம் இழந்துவிடுகிறது. ஐந்து யார்டு என்பது அவருக்குத் தூரமே இல்லை. அளவுகோல் எல்லா அணிகளின் சராசரியிலிருந்து வந்தது. இப்படி ஒருவர் வரும்போது அது பிசகும்.

பின்பு இரண்டு புள்ளி முயற்சி: டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்கு உதைக்காமல், பந்தை மறுபடி எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது. அதையும் யங்கே ஓடி எடுத்தார், 41-38. டவுனும் இல்லை, வேண்டிய யார்டில் சதவீதமும் இல்லை, பெரும்பாலான அட்டவணைகள் அதைச் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு புள்ளி இல்லையென்றால் ஒரு ஃபீல்ட் கோல் யூ.எஸ்.சி.க்கு வெற்றியையே தந்திருக்கும், இப்போது சமன்தான்.

மிச்சம் 19 விநாடி. லைனார்ட் புஷ்ஷுக்கு ஒரு நீளமான பாஸ் கொடுத்தார், இருபத்தைந்து யார்டுக்கு மேல்; பந்து டெக்சாஸ் பக்கம் வந்தது. தேறிய பிளே, சந்தேகமில்லாமல். ஆனால் அங்கிருந்து ஃபீல்ட் கோல் எட்டாது, இன்னும் பத்துப் பதினைந்து யார்டு வேண்டும், கடிகாரத்தில் ஒரு பிளேக்குத்தான் இடம். டுவைன் ஜாரெட்டை நோக்கி வீசிய கடைசி பாஸ் அவர் தலைக்கு மேல் போனது. தேறவில்லை.